விலை இறங்குமோ என்ற அச்சமும் வீட்டை விற்கும் முடிவும்

வேலைவாய்ப்பு சுருங்குகிறது, வட்டி விகிதம் மாறுகிறது, வளைகுடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் பணம் நிலைக்குமோ என்ற ஐயம் எழுகிறது. இத்தகைய செய்திகள் பெருகும் காலங்களில் பல குடும்பங்களில் ஒரு கேள்வி தலைதூக்குகிறது: "நல்ல விலை கிடைக்கும்போதே வீட்டை விற்றுவிட்டால் என்ன?" வைப்புத்தொகையைப் பாதியில் முடித்தாலும் பிறகு மீண்டும் தொடங்கலாம். விற்ற வீட்டை அவ்வாறு மீட்க இயலாது. ஆகவே, இம்முடிவை எவ்வாறு ஆராய்ந்து எடுப்பது என்பதைத் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை வட்டாரத்து வீடுகளை முன்வைத்து இக்கட்டுரையில் காண்போம்.

கோட்டை வீடுகளின் தனி இயல்பு

மார்த்தாண்ட வர்மர் 1750-இல் திருவிதாங்கூர் அரசை ஸ்ரீபத்மநாபருக்கு அர்ப்பணித்தார். 1795-இல் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. கோயிலையும் அரண்மனையையும் சார்ந்து பணிபுரிந்த தமிழ்க் குடும்பங்கள் கோட்டைக்குள்ளும் அதையடுத்த கரமனை, வலியசாலை ஆகிய இடங்களிலும் அக்கிரகாரங்களில் வாழ்ந்தன. திண்ணை, கூடம், முற்றம், கிணறு என நீண்டு செல்லும் இவ்வீடுகள் அண்டை வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்பவை.

இன்று இவற்றுள் பலவற்றில் மூத்த தம்பதியர் மட்டுமே வசிக்கின்றனர். பிள்ளைகள் பெங்களூரிலோ சென்னையிலோ அயல்நாட்டிலோ இருக்கின்றனர். கூரையைப் பழுதுபார்க்கும் செலவு ஆண்டுதோறும் கூடுகிறது. எனவே விற்பனை பற்றிய பேச்சு எழுவது இயல்பே.

எனினும், இவ்வீடுகளின் சந்தை புறநகர் மனைகளின் சந்தை போன்றதன்று. கோயிலைச் சூழ்ந்த பகுதி பாரம்பரிய மண்டலமாகப் பேணப்படுவதால், இடித்துக் கட்டுவதற்கும் உயரம் கூட்டுவதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. பொதுச்சுவரைத் தொடுவதற்கு அண்டை வீட்டாரின் இசைவும் தேவைப்படும். இவற்றையெல்லாம் ஏற்று வாங்க முன்வருபவர் சிலரே. வாங்குவோர் குறைவான சந்தையில் அவசரமாக விற்பவர், விலையை நிர்ணயிக்கும் உரிமையை வாங்குபவரிடம் ஒப்படைத்துவிடுகிறார்.

அச்சமா, தேவையா?

விற்க நினைப்போர் முதலில் வினவ வேண்டியது, விலை ஏறுமா இறங்குமா என்பதன்று. அதற்கு உறுதியான விடை எவரிடமும் இல்லை. விற்றுக் கிடைக்கும் பணம் எந்தத் தேவைக்கு, எந்த நாளுக்குள் வேண்டும் என்பதே முதற்கேள்வி. மருத்துவச் செலவு, தீர்க்க முடியாத கடன், மாடிப்படி ஏற இயலாத முதுமை, பிள்ளைகளுடன் சென்று வாழும் முடிவு ஆகியவை தேவைகள். "எல்லோரும் விற்கிறார்களாம்" என்பது அச்சம். தேவை இருந்தால் சந்தை எப்படியிருப்பினும் விற்பது பொருந்தும்; தேவை இல்லாவிடில், சந்தை உச்சத்தில் இருந்தாலும் விற்பனை வேறொரு சிக்கலின் தொடக்கமாகலாம்.

"இப்போது விற்று, விலை இறங்கியபின் வேறு வீடு வாங்கலாம்" என்ற எண்ணத்தையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கேரளத்தில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரை வரி 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதாவது, 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 6 லட்ச ரூபாய் பதிவுக்கே சென்றுவிடும். இதனோடு தரகும் இடமாற்றச் செலவும் சேரும். ஆகவே, விலை பத்து சதவீதத்துக்கும் மேல் இறங்கினாலன்றி இம்முயற்சியால் இலாபமில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு

2001-க்கு முன்பே குடும்பத்துக்கு உரிமையான ஒரு வீடு, 2025-26 நிதியாண்டில் ஒரு கோடி ரூபாய்க்கு விற்கப்படுகிறது என்று கொள்வோம். உரிமையாளர் ஒருவரே, இந்தியாவில் வசிப்பவர். 2001 ஏப்ரல் 1 அன்று வீட்டின் நியாய மதிப்பு 15 லட்ச ரூபாய் என்றும் கொள்வோம். பழைய சொத்துகளுக்கு அந்நாளைய மதிப்பையே அடக்க விலையாகக் கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது.

2024 ஜூலை 23-க்கு முன் அடைந்த வீடாயின், இங்கு வசிக்கும் தனிநபர் இரண்டு முறைகளில் வரியைக் கணக்கிட்டு, குறைவானதைச் செலுத்தலாம். முதல் முறையில் விலைவாசிக் குறியீடு கணக்கில் சேராது. ஆதாயம் 85 லட்சம், 12.5 சதவீத வரி சுமார் 10.63 லட்சம். இரண்டாம் முறையில், அவ்வாண்டின் குறியீட்டெண் 376 என்பதால், அடக்க விலை 56.40 லட்சமாக உயரும். ஆதாயம் 43.60 லட்சம், 20 சதவீத வரி 8.72 லட்சம். மேல்வரியும் தீர்வையும் இவற்றுக்குப் புறம்பானவை. அயல்நாட்டில் வசிப்பவருக்கு இந்தத் தேர்வுரிமை இல்லை.

வரி போக ஏறத்தாழ 91 லட்ச ரூபாய் கையில் நிற்கும். அதை 7 சதவீத வட்டியில் வைத்தால் மாதம் சுமார் 53,000 ரூபாய் வரும். வட்டி 6 சதவீதமாக இறங்கினால் அது 45,500 ரூபாயாகும். இதிலிருந்தே வருமான வரியும் புதிய இருப்பிடத்தின் வாடகையும் செல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2020-இல் 4 சதவீதமாக இருந்தது, 2023-இல் 6.5 சதவீதமாக உயர்ந்தது. 2025 ஜூனில் 5.5 சதவீதமாக இறங்கியது. வீட்டின் விலையைப் போலவே வட்டி வருவாயும் நிலையற்றது என்பதை இது உணர்த்துகிறது.

மற்றொன்றையும் கருத வேண்டும். 1960-இல் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்ததை மூத்தோர் அறிவர். அதன்பின், 1962-இல் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. இன்று ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்ச ரூபாய் வரை இக்காப்பீடு உண்டு. பெருந்தொகையை எவ்வாறு பகிர்ந்து முதலிடுவது என்பதை விற்பனைக்கு முன்பே திட்டமிடுவது நன்று.

பங்குதாரர்களின் இசைவு

கோட்டை வீடுகளில் பெரும்பாலும் விலையைவிட உரிமையே சிக்கலாகிறது. தாத்தா பெயரில் ஆதாரம், தந்தை பெயரில் கரம் தீர்த்த ரசீது, அத்தைகளுக்கும் சித்தப்பாக்களுக்கும் பிரிக்கப்படாத பங்கு என்ற நிலை புதிதன்று. கேரளத்தில் 1976 டிசம்பர் முதல் இந்துக் கூட்டுக்குடும்ப முறை சட்டத்தால் நீக்கப்பட்டது. 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் மகள்களின் உரிமையை விரிவாக்கியது. இவ்விரண்டும் ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டே தெளிய வேண்டும். உயில் இல்லாமல் வந்த சொத்தில் ஒரு வாரிசு தம் பங்கை விற்க முனைந்தால், அதை வாங்க முதலுரிமை கோரும் வழியும் உடன்வாரிசுகளுக்கு உண்டு.

எனவே, விற்கும் எண்ணம் இல்லாதபோதே போக்குவரவு, வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை ஆகியவற்றை முடித்து வைப்பது அறிவுடைமை. நெருக்கடியில் ஆவணம் தேடுபவர் விலையில் விட்டுக்கொடுக்க நேரும்.

விற்காமல் பணம் பெறும் வழிகள்

*ஒரு பகுதியை வாடகைக்கு விடுதல்:* கேரளத்தில் 1965-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. எழுத்து மூலமான ஒப்பந்தமின்றிக் குடியமர்த்தினால், பின்னர் காலி செய்விப்பது எளிதன்று.

*ரிவர்ஸ் மார்ட்கேஜ்:* 60 வயது கடந்தோர், தாம் வசிக்கும் வீட்டை அடமானம் வைத்து வங்கியிடமிருந்து தவணைதோறும் தொகை பெறும் திட்டம் இது. தேசிய வீட்டுவசதி வங்கி 2007-இல் இதை அறிமுகப்படுத்தியது. கடன் பெற்றவரும் துணைவரும் வாழும் காலம் வரை வீட்டில் குடியிருக்கலாம். பின்னர் வாரிசுகள் கடனைத் தீர்த்து வீட்டை மீட்கலாம். ஆனால், சுயமாக ஈட்டிய வீட்டுக்கே இது வழங்கப்படும். பங்கு பிரியாத பூர்விக வீட்டுக்குப் பொருந்தாது.

*சொத்து அடமானக் கடன்:* தேவை குறுகியதாகவும், மாதத் தவணைக்கு உறுதியான வருமானம் இருக்கும்போதும் மட்டுமே இது ஏற்றது. வருமானமே ஐயத்துக்குரியதெனில், தவிர்க்க நினைத்த விற்பனை கட்டாய விற்பனையாக முடியக்கூடும்.

விற்பதென முடிவானால்

1. முழுத் தொகையையும் வங்கி வழியாகவே பெறுக. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டத்துக்கு முரணானது.

2. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால், வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்தம் செய்வார். விற்பவர் அயல்நாட்டில் வசிப்பவராயின் பிடித்தம் மிக அதிகம். குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே பெறலாம்.

3. இரண்டாண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்றாண்டுகளுக்குள் கட்டினாலோ ஆதாய வரியில் விலக்கு உண்டு. கணக்குத் தாக்கல் செய்வதற்குரிய நாளுக்குள் செலவிடாத தொகையை மூலதன ஆதாயக் கணக்கில் செலுத்த வேண்டும்.

4. ஆறு மாதங்களுக்குள் உரிய கடன்பத்திரங்களில் 50 லட்ச ரூபாய் வரை முதலிட்டும் விலக்குப் பெறலாம். அப்பணம் ஐந்தாண்டுகள் முடங்கும்.

5. அடுத்த இருப்பிடத்தை உறுதி செய்தபின்பே முன்பணம் பெறுக.

குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து, தேவையான தொகை, தேவைப்படும் நாள், மூத்தோர் வாழப்போகும் இடம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூன்றாவது வரி வெறுமையாக இருக்குமானால், எவ்வளவு நல்ல விலை வந்தாலும் விற்பனையை ஒத்திவைப்பதே முறை. மூன்றும் தெளிவாக நிரம்பினால், காலம் உறுதியற்றதாக இருப்பினும் விற்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.