பண்டிகைநாட் பழம்படங்களும் மருதத்திணையும்

கல்லூரி அடைபட்டு மார்கழி விடுமுறை தொடங்கியதும், கிறிஸ்து பிறப்புத் திருநாள் முதல் பொங்கல் ஈறாகவுள்ள மூன்று வார காலத்தும் நம் இல்லங்களில் ஓயாது ஒலிப்பது தொலைக்காட்சிப் பெட்டியே ஆகும். புதிய படங்களுக்கு நடுவே பழைய படங்களும் அதன்கண் வந்தவண்ணம் இருக்கின்றன. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தோன்றுதற்கு முன்னர், பழம்படம் ஒன்றை மீண்டும் காண விழைந்தோர், அது கொட்டகைக்குத் திரும்பி வரும் நாளை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டியவராயினர். இன்றோ பாட்டியும் பேரனும் ஒரே பாயில் அமர்ந்து அதனைக் காண்கின்றனர். இதனை வீண்பொழுதென்று இகழ்வாரும் உளர். பழையன யாவும் நல்லன என்று புகழ்வாரும் உளர். அவ்விரு திறத்தார் கூற்றையும் ஒருபுறம் வைத்து, காவிரி பாயும் தஞ்சை வளநாட்டில் வாழும் நாம் இப்படங்களை எம்முறையாற் காணின் பயனுண்டாம் என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

தமிழ் பயில்வார்க்கு அம்முறை புதியதன்று. அகப்பொருட் செய்யுள் ஒன்று கைக்கு வந்தால், அதன்கண் முதற்பொருள் யாது, கருப்பொருள் யாது, உரிப்பொருள் யாது என வினவுதல் நம் வழக்கம். வயலும் வயல்சார்ந்த இடமும் மருதம். ஊடலும் ஊடல் நிமித்தமும் அதன் உரிப்பொருள். கருப்பொருளாவன, தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் எனத் தொல்காப்பியர் எடுத்தோதிய எட்டும் அவை போல்வன பிறவுமாம். பறை என்னும் தலைப்பின்கீழ் மருதத்துக்கு இரண்டு கூறுவர் இலக்கண நூலார்: மணவிழாவில் முழங்கும் மணமுழா ஒன்று, நெல்லறுக்குமிடத்து முழங்கும் நெல்லரிகிணை மற்றொன்று. தொழில் என்னும் தலைப்பின்கீழும் விழாச்செய்தல் ஒருபால் உளது; களைகட்டலும் நெல்லரிதலும் மற்றொருபால் உள. விழாவும் வயலும் கூடியதே மருதம் என்பது இதனாற் பெறப்படும். இவ்வொரு குறிப்பை மனத்திற் கொண்டு சில படங்களை நோக்குவோம்.

முதலாவது, 1944-ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி வெளிவந்த 'ஹரிதாஸ்'. மாயவரத்திற் பிறந்த எம். கே. தியாகராஜ பாகவதர் அதில் கதைத்தலைவராகவும், தஞ்சாவூரிற் பிறந்த டி. ஆர். ராஜகுமாரி ரம்பா என்னும் கணிகையாகவும், இசைவாணராகிய என். சி. வசந்தகோகிலம் மனைவியாகவும் நடித்தனர். பாடல்களை இயற்றினவர் பாபநாசம் சிவன். சென்னை பிராட்வே கொட்டகையில் அப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பெற்றோரையும் மனைவியையும் துறந்து கணிகைபாற் சென்ற ஒருவன், பொருளை இழந்து, கால்களையும் இழந்து, தாய்தந்தையர்க்குச் செய்யும் தொண்டே மெய்யான தொண்டெனத் தெளிவது அதன் கதை. நிகழிடம் நம் நாடன்று. ஆயினும் பரத்தையிற் பிரிவே மருதத்து ஊடலுக்கு முதன்மைக் காரணமாகக் கூறப்படுதலின், கதையின் அடிக்கட்டு மருதமே. குற்றம் முழுதும் அக்கணிகையின் தலைமேல் ஏற்றப்படுவதனையும் ஈண்டுக் குறித்துக்கொள்வோமாக. அடுத்த படத்துக்கு அக்குறிப்பு வேண்டும்.

இரண்டாவது, 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்னும் புனைபெயரில் 'ஆனந்த விகட'னில் எழுதிய தொடர்கதையை ஏ. பி. நாகராஜன் படமாக்கினார். அது 1968-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் வெளிவந்தது. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்படத்துக்குரிய தேசிய விருதும் பெற்றது. சிக்கல் சண்முகசுந்தரம் என்னும் நாகசுர வித்துவானாகச் சிவாஜி கணேசனும், திருவாரூர் மோகனாம்பாள் என்னும் நாட்டிய நங்கையாகப் பத்மினியும், தவில் வித்துவானாக டி. எஸ். பாலையாவும் தோன்றுகின்றனர். திரையிற் கேட்கும் நாகசுரம் மதுரைச் சகோதரர்களாகிய எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி ஆகிய இருவருடையது. இசையமைத்தவர் கே. வி. மகாதேவன்.

இப்படத்தைக் காண்போர் நாகசுரத்தின் பிறப்பையும் அறிந்து காணின் நன்று. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து அதனைச் செய்கின்றனர். அவ்வூர் நாகசுரத்துக்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்துளது. வாயில் வைத்து ஊதும் சீவாளியோ ஆற்றங்கரை நாணற்றட்டையால் ஆவது. மேட்டூரிலிருந்து வரும் நீர் நெல்லை மட்டுமோ வளர்க்கின்றது? இசைக்கு நாவாகிய தட்டையையும் அதுவே வளர்க்கின்றது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை போன்ற மேதைகள் வளர்த்த இக்கலையைத் திரையில் நடிப்போன் விரலும் மூச்சும் கன்னமும் எவ்வாறு உண்மை போலக் காட்டுகின்றன என்பதனையும், ஒத்து ஊதுவோரும் தாளமிடுவோரும் தலைவனுடைய சினத்துக்கும் மகிழ்வுக்கும் ஏற்ப எவ்வாறு முகம் மாறுகின்றனர் என்பதனையும் கூர்ந்து நோக்குக. விளம்பரம் குறுக்கிடும்போதெல்லாம் எழுந்து செல்லாது, அவ்விடைவேளையில் வீட்டு முதியோரிடம் அவர்கள் கேட்ட நாதசுரக் கச்சேரிகளைப் பற்றி வினவுவது சாலச் சிறந்தது.

கதையின் உரிப்பொருள் ஊடலேயாம். ஆனால் அதில் ஒரு மாற்றம் உளது. நூல்களில் ஊடுபவள் பெரும்பாலும் தலைவி, தணிப்பவன் தலைவன். இங்கோ ஐயுற்று முகந்திரும்புபவன் தலைவனே; பொறுத்து நின்று தன் மெய்ம்மையை நாட்டுபவள் தலைவி. இம்மாற்றம் தற்செயலாய் வந்ததன்று. பழைய மருதத்தில் பரத்தையர் சேரியில் நிறுத்தப்பட்ட பெண், 'ஹரிதாஸ்' படத்திலும் பழிசுமந்த பெண், இப்படத்தில் கதைத்தலைவியாக உயர்ந்து விட்டாள். அவளை விலைபேச வரும் மைனரும் மகாராஜாவும் சவடால் வைத்தி என்னும் தரகனுமே இங்குப் பழிக்குரியார். இவ்வுயர்வுக்குப் பின்னால் நெடியதொரு போராட்டம் உண்டு. மாயவரத்தை அடுத்த மூவலூரின் பெயரால் வழங்கப்பெறும் இராமாமிர்தம் அம்மையார் 1936-ஆம் ஆண்டிலேயே இவ்வழக்கத்தைக் கண்டித்து நாவல் எழுதினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலியோர் சட்டமன்றத்தும் வெளியேயும் உழைத்தனர். 1947-ஆம் ஆண்டில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் சென்னை மாகாணத்தில் சட்டத்தால் விலக்கப்பட்டது. மோகனா தலைநிமிர்ந்து விடைகூறும் காட்சிகளைக் காணுங்கால் இவர்களையும் நினைத்தல் வேண்டும்.

இனிக் கருப்பொருளுக்கு வருவோம். தெய்வம் உண்டு, விழாவுண்டு, மணமுழாவின் வழியினதாகிய தவில் உண்டு. வயல் எங்கே? உழவன் எங்கே? நெல்லரிகிணை எங்கே? கதைமாந்தரை எண்ணிப் பார்ப்பின், கலைஞரும் செல்வரும் தரகரும், மருத்துவமனையில் பணிவிடை செய்யும் மேரி என்னும் செவிலியும் உளர். சேற்றில் இறங்கி நாற்று நடுவோர் ஒருவரேனும் கதையை நடத்துவோராக இல்லை.

இவ்வினா வேண்டாத வினா என்று ஒருவர் கூறலாம். ஆடலும் இசையும் பற்றிய கதையில் நெல்லுக்கு என்ன வேலை என்பர். அவர்க்கு விடை தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. 1973-ஆம் ஆண்டில் இதே நாகராஜன், 'இராஜராஜ சோழன்' என்னும் படத்தைத் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக எடுத்தார். அதுவும் விடுமுறை நாளில் காணத்தக்கதே. ஆனால் அம்மன்னனைப் பற்றி அவன் கல்வெட்டுக் கூறும் செய்தி ஒன்று எந்தப் படத்தினும் வியப்புடையது. 1010-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற அக்கோயிலுக்கு, திருவாரூர் உள்ளிட்ட பல தளிகளிலிருந்து தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைக் கொணர்ந்து, தெருவும் வீடும் வகுத்து, ஆண்டொன்றுக்கு ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்காக நெல் நூறு கலம் அளக்குமாறு அவன் நிவந்தம் செய்தான். நானூற்றுவர்க்கு நாற்பதினாயிரம் கலம். ஆடலாசான்களுக்கும் இசைவாணர்க்கும் அளந்தது இதற்குப் புறம்பு. ஆகவே, திருவாரூர் நங்கையின் சதங்கை ஒலிக்கு அடியில் நெல் இருந்தது. நெல்லுக்கு அடியில், கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படாத கைகள் இருந்தன. கலையைக் கண்டு அதன் கூலியைக் காணாதொழிதல் மருதத்தைப் பாதியே காண்பதாகும்.

மற்றப் பாதியை அதே 1968-ஆம் ஆண்டே நமக்குக் காட்டியது. திருவாரூரிலிருந்து கிழக்கே நாகப்பட்டினம் செல்லும் இருப்புப்பாதையில் கீழ்வேளூரும் சிக்கலும் அடுத்தடுத்து வரும் நிலையங்கள். படத்தலைவியின் ஊருக்கும் தலைவனின் ஊருக்கும் இடையிலுள்ள அக்கீழ்வேளூரின் வட்டத்தைச் சேர்ந்ததே கீழ்வெண்மணி. படம் வெளிவந்து ஐந்து திங்கள் கழித்து, டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கூலிநெல் சிறிது மிகுத்துத் தருமாறு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த நாற்பத்து நால்வர், ஒரு சிறு குடிசையினுள் புகலடைந்தவராய், அக்குடிசையோடு தீக்கிரையாக்கப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் பெண்டிரும் பிள்ளைகளுமாவர். யாவரும் தாழ்த்தப்பட்ட குலத்தவர். அது நம் இரட்சகரின் பிறப்பை நாம் கொண்டாடும் இரவு. சத்திரத்தில் இடமின்றி மாட்டுத்தொழுவில் பிறந்த பிள்ளையைப் பாடித் துதிக்கும் நாம், வயலை அறுத்தோர்க்குக் கொடாது பிடித்துவைத்த கூலி ஆண்டவரின் செவிக்கு எட்டும்படி கூப்பிடும் என்று யாக்கோபு அப்போஸ்தலர் எழுதியதனையும் வாசிக்கின்றோமல்லவா?

இதனால் 'தில்லானா மோகனாம்பாள்' குறையுடைய படம் என்று யாம் கூறினோமல்லோம். ஜூலையில் வந்த படம் டிசம்பரில் நிகழ்வதனை அறியுமாறில்லை. ஒரு செய்யுள் திணையின் எல்லாக் கருப்பொருளையும் சொல்லியே தீரவேண்டும் என்னும் விதியும் இல்லை. புலவன் சொல்லாது விடுத்ததனை வருவித்துரைத்தல் உரையாசிரியன் கடன். அக்கடன் இங்குக் காண்போராகிய நம்முடையது. பாடத்தைக் குறைகூறாது உரையை நிறைவாக்குதலே யாம் வேண்டுவது.

அவ்வுரைக்குத் துணையாகும் படங்கள் இரண்டு உள. ஒன்று, 1971-ஆம் ஆண்டில் தங்கப்பன் இயக்கிய 'அன்னை வேளாங்கண்ணி'. ஜெமினி கணேசன், பத்மினி, ஜெயலலிதா முதலியோர் நடித்த அதனை நம்மவர் பலரும் பக்திக்காகவே காண்கின்றனர். யாம் மற்றொன்றும் காண்க என்போம். வேளாங்கண்ணியைப் பற்றி வழங்கும் மரபுக்கதைகளில் அன்னையின் காட்சி முதற்கண் கிடைத்தது யார்க்கு? பால் கொண்டுசென்ற ஆயச் சிறுவனுக்கும், மோர் விற்ற முடவனான ஏழைச் சிறுவனுக்கும் அன்றோ? பெரியோர் மாளிகைகளை விடுத்து, கூலிக்குச் சுமந்த சிறுவர்முன் நின்றது அவ்வருட்காட்சி. நாகைக் கடற்கரையின் அவ்வூரில் சிறியோரே கதைத்தலைவராயினர் என்பது சிந்திக்கத்தக்கது.

மற்றொன்று, 1983-ஆம் ஆண்டில் ஸ்ரீதர் ராஜன் இயக்கிய 'கண் சிவந்தால் மண் சிவக்கும்'. வெண்மணிக் கொடுமையைப் பொருளாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதி, 1977-ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்ற 'குருதிப்புனல்' என்னும் நாவலைத் தழுவியது அது. இயக்குநரின் முதற்படத்துக்குரிய தேசிய விருதையும் பெற்றது. பண்டிகைநாள் நிரலில் இத்தகைய படத்துக்கு இடங்கிடைத்தல் அரிது. கிடைப்பின் விடாது காண்க. கிடையாதாயின் நூலகத்தில் நாவலையேனும் எடுத்து வாசிக்க. நெல்லரிகிணையின் ஒலி கேட்க வேண்டுவோர்க்கு இவ்வழியும் உண்டு.

இனிச் செய்யத்தக்கது யாது? படத்தின் பெயர், ஆண்டு, ஆக்கியோர், பாடியோர், வாசித்தோர் ஆகிய குறிப்புகளை ஒரு சுவடியில் எழுதுக. தொடக்கத்தில் ஓடும் பெயர்வரிசையைத் தவறவிடற்க. முகங்காட்டாது உழைத்தோர் பெயர் அங்குத்தான் உளது. பின்னர் எட்டுக் கருப்பொருளையும் வரிசையாக எழுதி, படத்தில் உள்ளவற்றுக்கு எதிரே அடையாளமிடுக. இல்லாதவற்றை வெளியே சென்று தேடுக. தேடுவதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மார்கழியில் நம் ஊர்ப்புறத்துச் சம்பாப் பயிர் கதிர்வாங்கி நிற்கும், தையில் அறுவடையாகும். இன்று பெரும்பாலும் இயந்திரங்களே அறுக்கின்றன. முன்னர் அறுத்த கைகளுக்கு உரியோர் இன்னும் நம் தெருக்களில் இருக்கின்றனர். அவர்கள் களத்தில் பாடிய பாட்டுக்கள் எந்தப் படத்திலும் பதிவாகாதன பல. நாகசுரத்தைத் திரையிற் கேட்டு மகிழ்ந்த மாலையில், அம்மூதாட்டியர் ஒருவரிடம் சென்று, "ஆத்தா, களத்துமேட்டில் நீங்கள் பாடிய பாட்டொன்று சொல்லுங்கள்" என்று பணிவுடன் கேட்டு எழுதிவரும் மாணவன், விடுமுறையில் மருதத்தை முழுதும் பயின்றவனாவான்.