பிள்ளைகளின் ஈறுக்கு எது நல்லது: குச்சியா, பொடியா, பிரஷ்ஷா?

"அப்பா, துப்பினா சிவப்பா வருதுப்பா" என்று என் மகள் வாஷ்பேசின் முன்னால் நின்று சொன்னபோது அவளுக்கு ஒன்பது வயது. உதட்டை விலக்கிப் பார்த்தேன். கீழ்ப் பற்களின் ஈறு சிவந்து தடித்திருந்தது. ரத்தம் வருகிறதே என்று பயந்து, பத்து நாளாக அந்த இடத்தில் பிரஷ் வைப்பதையே விட்டிருக்கிறாள்.

செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு. ஈறோரத்தில் படியும் அழுக்குப் படலம்தான் பெரும்பாலும் ரத்தக் கசிவுக்குக் காரணம். அங்கேதான் மெதுவாக, கவனமாகத் தேய்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே கவனித்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். படலம் இறுகிக் காரையாகிவிட்டால் பல் டாக்டர்தான் எடுக்க வேண்டும். ஆகவே எதை வாங்கினாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: பல்லும் ஈறும் சேரும் ஓரத்தை இது சுத்தம் செய்யுமா?

வேப்பங்குச்சி

நார் நாராகும்வரை மென்றால் முன்பற்களை நன்றாகத் தேய்க்கும். கடைவாய்ப் பல்லின் உட்புறத்துக்கு எட்டுவது சிரமம். சரியாக மெல்லாத முனை ஈறைக் கீறிவிடும். தாத்தாவோடு சேர்ந்து குச்சி பிடிக்கும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். ராத்திரிக்கு பிரஷ் இருக்கட்டும்.

பல்பொடி

விரல் பல்லிடுக்கில் நுழையாது. கரி, செங்கல்தூள் போன்ற சொரசொரப்பானவை நாளடைவில் எனாமலைத் தேய்த்துவிடும். புகையிலை கலந்த பற்பொடி, பற்பசைக்கு இந்தியாவில் 1992-லேயே தடை வந்துவிட்டது. என்ன கலந்திருக்கிறது என்று அச்சிடாத பொட்டலத்தைத் தொடாதீர்கள்.

பிரஷ், பேஸ்ட்

பள்ளிப் பிள்ளைகளுக்கு என் முதல் தேர்வு இதுதான். தலை சிறியதாக, 'சாஃப்ட்' என்று போட்டதாக வாங்குங்கள். ஈறோரத்தில் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாக 2 நிமிடம் தேய்க்க வேண்டும். 3 மாதத்துக்கு ஒருமுறை, அதற்கு முன்பே நார் விரிந்துவிட்டால் உடனே, மாற்றுங்கள்.

சொத்தையைத் தடுக்க ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் நல்லது. 3 வயதுக்குள் அரிசி மணி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த பகுதியில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மவுத்வாஷ்

வாய் மணக்கும். தேய்க்கும் வேலையை அது செய்யாது. 6 வயதுக்குள் வேண்டவே வேண்டாம்.

எதை எடுத்தாலும்

காலையில் அவசரமாகத் தேய்ப்பதைவிட ராத்திரி நிதானமாகத் தேய்ப்பது முக்கியம். தூக்கத்தில் எச்சில் குறைவாக ஊறுவதால், ஒட்டியிருக்கும் மிச்சம் விடியும்வரை பல்லை அரிக்கும். 7, 8 வயதுவரை பெரியவர் கை உதவ வேண்டும். 6 வயதில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் விழுந்து முளைக்காது. அதுவும் பால் பல்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

அன்று ராத்திரியிலிருந்து மகளின் கையைப் பிடித்து நானே தேய்த்துவிட்டேன். முதல் நான்கு நாள் நுரை சிவப்பாகத்தான் வந்தது. இரண்டாவது வாரம் வெள்ளையாக வந்தது. உங்கள் வீட்டில் இரண்டு வாரமாகியும் நிற்கவில்லையென்றால், தள்ளிப்போடாமல் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.