மவுஸில் ஒளி தெரியவில்லையா?

பழைய மவுஸைத் திருப்பிப் பார்த்தால் அடியில் சிவப்பு ஒளி தெரியும். புதிதாக வாங்கிய மவுஸில் ஒன்றுமே தெரியவில்லை. கெட்டுப் போனதைக் கொடுத்துவிட்டார்களோ? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலருக்கும் எழும் சந்தேகம் இது. கடைக்குத் திரும்ப எடுத்துச் செல்லும் முன் ஒளியைப் பற்றிச் சற்றுத் தெரிந்து கொள்ளலாம்.

ஒளி நேர்கோட்டில் செல்கிறது. அது நம் கண்ணுக்குள் வந்து விழுந்தால்தான் நமக்குத் தெரியும். தியேட்டரில் நம் தலைக்கு மேல் செல்லும் ஒளிக்கற்றை தெரிவதற்குக் காரணம், காற்றில் உள்ள தூசி அந்த ஒளியைச் சிதறடித்து நம் பக்கம் அனுப்புவதுதான்.

ஆனால் கண்ணில் விழும் எல்லா ஒளியும் தெரிவதில்லை. ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள ஒளியை மட்டுமே நம் கண் உணரும். அதற்கு மேல் இருப்பது அகச்சிவப்பு ஒளி. டிவி ரிமோட் இதைத்தான் பயன்படுத்துகிறது.

மவுஸின் அடியில் ஒரு சிறிய கேமரா உள்ளது. மேஜையில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு, அது விநாடிக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட படங்களை எடுத்து, மவுஸ் நகர்ந்த திசையைக் கண்டறிகிறது. இந்தக் கேமராவின் சிலிக்கான் சிப், அகச்சிவப்பு ஒளியையும் உணரும். எனவே பல மவுஸ்களில் சிவப்பு ஒளிக்குப் பதிலாக அகச்சிவப்பு ஒளியே தரப்படுகிறது. 2004ல் லாஜிடெக் வெளியிட்ட எம்.எக்ஸ். 1000 லேசர் மவுஸும் இந்த வகைதான்.

சரி, மவுஸ் நன்றாக உள்ளதா என எப்படி அறிவது? ஒரு வெள்ளைத் தாளில் வைத்து நகர்த்துங்கள். கர்சர் நகர்ந்தால் மவுஸில் கோளாறு இல்லை. கண்ணாடி மேஜையில் மட்டும் தடுமாறினால் கவலை வேண்டாம். அங்கே ஒளி ஊடுருவிச் சென்றுவிடுவதால் கேமராவுக்குப் போதிய படம் கிடைப்பதில்லை. ஒரு மவுஸ் பேட் போதும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பளிச்சென்ற ஒளி பட்டால் நம் கண் தானாக மூடிக் கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத ஒளியில் இந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே லேசர் மவுஸின் ஒளித் துளையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். வீட்டிற்கு வரும் ஃபைபர் இன்டர்நெட் கேபிளிலும் கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியே செல்கிறது. அதன் முனையைக் கழற்றி, ஒளி வருகிறதா என்று ஒருபோதும் உற்றுப் பார்க்காதீர்கள். குழந்தைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.