பொறுமை தந்த ஊன்றுகோல்

பலத்த காற்று வீசிய மறுநாள் காலையில், மரத்தடியில் கிளைகள் முறிந்து கிடப்பதைக் காண்கிறோம். பலருக்கு அவை குப்பை, சிலருக்கு விறகு. ஊன்றுகோல் செய்யும் கைவினைஞரின் கண்ணுக்கோ, அவற்றுள் ஒன்று முதியவர் ஒருவரின் நடைக்குத் துணையாகப் போகும் கோலாகத் தெரியும்.

ஊன்றுகோல் மிகப் பழைய கைவினைப்பொருள். எகிப்து மன்னர் துத்தன்காமனின் கல்லறை 1922ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதனுள் நூற்றுக்கும் மேற்பட்ட கோல்கள் இருந்தன. மன்னர் தம் கையாலேயே வெட்டியது என்று பொறிக்கப்பட்ட நாணற்கோல் ஒன்றும் அவற்றுள் அடங்கும். பிற்காலத்தில் ஐரோப்பியர் விரும்பி வைத்திருந்த கோல்களுள் ஒன்று நம் வட்டாரக் காடுகளில் வளரும் பிரம்பால் ஆனது. அது மலாக்காவின் பெயராலேயே அழைக்கப்பட்டது. பிரம்பு, மூங்கிலைப்போல் உள்ளே வெற்றிடம் கொண்டதன்று. ஆதலால், எடை குறைவாக இருந்தாலும் உறுதியாக இருக்கும்.

பிரிட்டன், அயர்லாந்து ஆகிய நாடுகளின் சிற்றூர்களில் இக்கைவினை இன்றும் வாழ்கிறது. ஹேசல், ஆஷ், முள் நிறைந்த பிளாக்தார்ன் ஆகிய மரங்களின் கிளைகள் இதற்கு ஏற்றவை. ஆயினும், கீழே கிடக்கும் கிளைகள் யாவும் பயன்படா. நெடுநாள் ஈரத்தில் கிடந்து உளுத்த கிளைக்கு வலிமை இராது. எனவே, புதிதாக விழுந்த கிளையையோ, வேலியோரம் கழித்துவிடப்பட்ட கிளையையோ நிலத்துக்கு உரியவரின் அனுமதியுடன் எடுத்துக்கொள்வர். மரத்தில் சாறு குறைந்திருக்கும் குளிர்காலமே கிளைகளை வெட்ட உகந்த காலம்.

சில கிளைகளுக்கு இயற்கையே அழகு செய்துவிடுகிறது. ஹனிசக்கிள் என்னும் கொடி, இளம் ஹேசல் தண்டைச் சுற்றிப் படரும். தண்டு பருக்கப் பருக்கக் கொடி அதனை இறுக்கும். அதனால், தண்டில் திருகுபோன்ற பள்ளம் உண்டாகும். மரத்துக்கு அது வடு. கைவினைஞருக்கோ அது கிடைத்தற்கரிய அணி.

கிளை கிடைத்தவுடன் செதுக்கத் தொடங்கிவிடலாமா? கூடாது. பச்சைமரத்தில் ஈரம் மிகுதி. அதன் வெளிப்புறமும் நுனிகளும் விரைவாக உலரும். உட்புறம் மெதுவாகவே உலரும். இந்த வேறுபாட்டினால் மரம் பிளவுபடும். அதனைத் தடுக்க, வெட்டிய நுனிகளில் மெழுகையோ சாயத்தையோ பூசுவர். பின்னர், வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் ஓராண்டு அல்லது அதற்கும் மேலாகக் கிளையை உலரவிடுவர். அவசரப்பட்டு அடுப்பருகே வைத்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளே விழக்கூடும். ஊன்றுகோலில் மறைந்திருக்கும் வெடிப்பு சிறு குறையன்று. படியில் இறங்கும் முதியவர் தம் உடல் எடை முழுவதையும் அதன்மேல் சாய்க்கும் நொடியில், அது முறிந்துவிடலாம்.

நன்கு உலர்ந்த கிளை வளைந்திருந்தால், அதனை நீராவியில் சூடாக்கி நிமிர்த்துவர். சூடு ஆறும்வரை அசையாமல் பிடித்து வைப்பர். அடுத்து, அளவெடுக்க வேண்டும். பயன்படுத்தப்போகிறவர் வழக்கமான காலணியுடன் நிமிர்ந்து நின்று, கைகளைத் தளரத் தொங்கவிட வேண்டும். தரையிலிருந்து அவர் மணிக்கட்டு வரையுள்ள உயரமே கோலின் உயரம். கோல் நீண்டால் தோள் வலிக்கும். குறுகினால் முதுகு கூனும்.

இதன் பிறகே அலங்கார வேலை தொடங்கும். கைப்பிடியில் பறவையின் தலையோ நாயின் முகமோ உருப்பெறும். சிலர் செம்மறிக் கிடாவின் கொம்பைச் சூடாக்கி வளைத்துக் கைப்பிடியாகப் பொருத்துவர். தண்டில் மட்டும் ஆழமாகச் செதுக்கமாட்டார்கள்; அங்கே அழகு கூடினால் வலிமை குறையும். இறுதியாக, உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி, வழுக்காதிருக்க அடிநுனியில் இரப்பர் பூண் மாட்டுவர்.

சான்றோரின் வாய்ச்சொல், வழுக்கும் நிலத்தில் ஊன்றுகோல்போல் உதவும் என்கிறார் திருவள்ளுவர். வழுக்கும் இடத்தில்தான் கோலின் தரம் விளங்கும். அங்கே ஒருவரைத் தாங்குவது கைப்பிடியின் அழகு மட்டுமன்று. அக்கோல் உலரும்வரை காத்திருந்த கைவினைஞரின் பொறுமையுமாகும்.