சாமைக்கு மார்க் போடும் அளவுகோல் எது?

கொல்லிமலையில் சோளக்காட்டுப் பக்கத்து ஊர்களில் சாப்பாட்டின் தரத்தை அளக்கப் போகிறவர், 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம்? இந்த மலையில் சாப்பாடு மாறியது முக்கியமாகத் தானியத்தில்தான். சாமையும் கேழ்வரகும் தினையும் விளைந்த காடுகளில், கீழே சேகோ ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி வந்தது. அடுப்பில் ரேஷன் அரிசி ஏறியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியத்தை மீட்கப் பாடுபட்டுவருகிறது. இந்த மாற்றம் கண்ணில் படாத அளவுகோல் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் இங்கே உதவாது.

புகழ் என்றால் மத்தியதரைக் கடல் உணவுமுறைதான் முதலில். ஸ்பெயினில் 7,447 பேரை வைத்து நடந்த ப்ரெடிமெட் ஆய்வின் கேள்வித்தாளில் 14 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் ஆலிவ் எண்ணெய்க்கே இரண்டு மார்க், வாரம் ஏழு கிளாஸ் ஒயினுக்கு ஒன்று. தக்காளி, வெங்காயம், பூண்டு வதக்கிய தொக்குக்கும் ஒரு மார்க் உண்டு. நம் வீடுகளில் அதற்கா பஞ்சம்? ஆனால் அதையும் ஆலிவ் எண்ணெயில் வதக்கியிருக்க வேண்டுமாம்! கீரையும் மொச்சையும் சாமைச் சோறும் சாப்பிடும் பாட்டி இதில் பாஸாவது கஷ்டம். அதைவிடப் பெரிய குறை, 14 கேள்விகளில் தானியத்தைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

கிரேக்க ஆய்வாளர் அந்தோனியா த்ரிகோபூலூ குழுவினர் இதே உணவுமுறைக்கு 2003இல் வெளியிட்ட 9 மார்க் முறை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பெரும்பாலானவற்றுக்கு இத்தனை கிராம் என்று விதிக்காமல், ஆய்வில் இருப்பவர்களின் நடு அளவையே எல்லையாக வைக்கிறது. காய், பருப்பு, பழம் அதற்கு மேல் போனால் மார்க். இறைச்சி, பால் பொருள் கீழே இருந்தால் மார்க். எந்த ஊருக்கும் பொருந்தும்போலத் தோன்றும். சிக்கலும் அங்கேதான். ஊரே கீரையைக் குறைத்துக்கொண்டால் நடு அளவும் கூடவே இறங்கிவிடும். அந்த வகையில் பாதிப் பேர் எப்போதும் பாஸ். தானியத்துக்கு மார்க் உண்டு, ஆனால் சாமையா ரேஷன் அரிசியா என்று அது கேட்பதில்லை. ஒரே ஊருக்குள் ஆளுக்கு ஆள் ஒப்பிட வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

15 முதல் 49 வயதுப் பெண்களிடம் மட்டும் சட்டென்று பார்க்க வேண்டுமா? ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பத்து வகைப் பட்டியல் போதும். "நேத்து காலையில எந்திரிச்சதிலிருந்து என்னென்ன சாப்பிட்டீங்கக்கா?" என்று தொடங்கி, ஐந்து வகையாவது சேர்ந்ததா என்று எண்ண வேண்டியதுதான். 15 கிராமுக்குக் குறைந்தது கணக்கில் வராது; ரசத்தில் கிள்ளிப் போட்ட கொத்தமல்லியைக் கீரை என்று எழுதிவிடாதீர்கள். ஆனால் இங்கேயும் சாமை, அரிசி, மரவள்ளி எல்லாம் ஒரே வகை.

என் தேர்வு, 2021இல் வந்த உலக உணவுத் தர மதிப்பெண். 25 உணவு வகைகள், மொத்தம் 49 மார்க். முழுதானியத்துக்குத் தனி வரிசை, தீட்டிய தானியத்துக்குத் தனி வரிசை. மரவள்ளி போன்ற கிழங்குகள் குறைத்துக்கொள்ள வேண்டிய பக்கத்தில் நிற்கின்றன. 23ஐத் தொட்டால் நல்லது. 15க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டியதுதான். அளவும் கேட்பதால் நேரம் பிடிக்கும். அந்த வீட்டுக் கரண்டியையும் டம்ளரையும் முன்னால் வைத்துக்கொண்டு கேட்டால் பதில் தெளிவாக வரும்.

சாமை என்று சொன்னதும் எழுதிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். உரலில் குத்தியதா, மில்லில் கொடுத்ததா, எவ்வளவு தீட்டினார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் சாமை அரிசியைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று தீட்டியதை முழுதானிய வரிசையில் சேர்த்தால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். சந்தைக்கு மறுநாள் மட்டும் போனால் காய்கறி கூடுதலாகத் தெரியும், அதனால் வாரத்தின் வேறு நாட்களையும் கலந்துகொள்ளுங்கள். பலா சீசனில் ஒரு தடவை, சீசன் முடிந்தபின் ஒரு தடவை என்று இரண்டு முறையாவது கேட்பது நல்லது.