வானிலிருந்து நிலத்தின் தாழ்வை அளக்கும் முறை

ஒரு சங்கத்தின் நிலைமையை அறிய விரும்பும் தணிக்கையாளர், ஓராண்டின் ஐந்தொகையை மட்டும் பார்த்துத் திருப்தியடைவதில்லை. முந்திய ஆண்டின் ஐந்தொகையையும் அருகில் வைத்துக்கொண்டு, இனத்துக்கு இனம் கழித்துப் பார்க்கிறார். கூடியது எது, குறைந்தது எது என்பது அப்பொழுதுதான் தெரியவரும். பயிர் விளையும் நிலத்தின் உயரத்தையும் இவ்வாறே கழித்துப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. துணைக்கோள்களில் பொருத்திய ராடார் கருவி எடுக்கும் இரண்டு படங்களை ஒப்பிட்டு, அவ்விரு தேதிகளுக்கிடையே நிலம் எவ்வளவு தாழ்ந்தது, எவ்வளவு உயர்ந்தது என்பதைச் சென்டிமீட்டர் கணக்கில் கூறும் முறை அது. அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

இம்முறை பிறந்த கதையிலேயே உழவர்க்குரிய செய்தி ஒன்று உண்டு. 1978ஆம் ஆண்டில் அமெரிக்கா, கடல்களை ஆராய்வதற்கென்று சீசாட் என்னும் துணைக்கோளை ஏவியது. சுமார் மூன்று மாதங்களே அது வேலை செய்தது. ஆயினும் அது எடுத்த படங்களைப் பின்னர் ஆராய்ந்த கேப்ரியல், கோல்ட்ஸ்டீன், ஜெப்கர் என்ற மூவரும் 1989இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் சில வயல்கள், அண்டை வயல்கள் அசையாதிருக்க, தாம் மட்டும் சிறிது உயர்ந்திருந்ததை அவர்கள் கண்டனர். நீர் பாய்ச்சிய வயல்களில் களிமண் நீரை உறிஞ்சி உப்பியதே காரணம். கடலை அளக்கப் போன கருவி, வயலுக்குத் தண்ணீர் பாய்ந்ததைக் கண்டுபிடித்துவிட்டது!

ராடார் என்பது தானே அலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதைத் தானே வாங்கிக்கொள்ளும் கருவி. ஆதலால் இரவென்றும் மேகமென்றும் அதற்குத் தடையில்லை. ஐரோப்பியர் 2014இல் ஏவிய சென்டினல்-1 என்ற துணைக்கோள், சுமார் 693 கிலோமீட்டர் உயரத்தில் பறந்து, 12 நாட்களுக்கொரு முறை அதே பாதைக்குத் திரும்புகிறது. அது அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். திரும்பி வரும் அலையில் இரண்டு விவரங்கள் உள்ளன. ஒன்று அதன் வலிமை. மற்றொன்று, அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றின் எந்த இடத்தில் வந்து சேர்ந்தது என்பது. இதை அலைக்கட்டம் என்பர். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது விவரமே.

நிலம் கருவியை விட்டு 2.8 சென்டிமீட்டர் விலகிப் போனால், அலை போகும் வழியில் 2.8, வரும் வழியில் 2.8, ஆக 5.6 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்ய வேண்டும். அஃதாவது ஒரு முழுச் சுற்று. இரு படங்களிலும் ஒரே இடத்துக்குரிய அலைக்கட்டங்களைக் கழித்தால், அச்சுற்றில் எத்தனை பங்கு நகர்ந்தது என்பது கிடைக்கும்.

நெசவாளர்களுக்கு இதன் விளைவு புதிதன்று. மெல்லிய மல் துணிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், அலையலையாகக் கோடுகள் தோன்றும். அக்கோடுகள் மேல் துணியிலும் இல்லை, கீழ்த் துணியிலும் இல்லை. இழைகள் இம்மியளவு விலகியிருப்பதே கோடாகத் தெரிகிறது. ஒரு துணியைச் சற்றே இழுத்தாலும் கோடுகள் பெரிதும் மாறிவிடும். ராடார் படங்கள் இரண்டைப் பொருத்தும்போதும் இத்தகைய வண்ணப் பட்டைகள் எழுகின்றன. இதற்குக் குறுக்கீட்டுப் படம் என்று பெயர்.

ஆனால் பொருத்துவது எளிதன்று. படத்தின் ஒரு புள்ளியின் அகலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிசகினாலும் வேலை கெடும். சென்டினல் படங்களுக்கோ, கோள் பறக்கும் திசையில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை துல்லியம் வேண்டும். மேலும் கோள் இரண்டாம் முறை வரும்போது முன் நின்ற இடத்துக்கே இம்மி பிசகாமல் வருவதில்லை. அதனால் மலையும் மேடும்கூடப் பட்டைகளாகத் தோன்றும். முன்பே தெரிந்த நில உயரப் படத்தைக் கொண்டு இவற்றைக் கணக்கிட்டு நீக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் என்னும் விண்கலம் 11 நாட்கள் பறந்து தயாரித்த உயரப் படம் இதற்குப் பெரிதும் பயன்பட்டு வருகிறது.

அடுத்த படியே யாவற்றிலும் இடர்ப்பாடு மிக்கது. நூல் சுற்றும் சட்டத்தில் ஒரு குறியிட்டு, அது நிற்கும் இடத்தை மட்டும் ஒருவர் வந்து பார்க்கிறார் என்று கொள்வோம். அரைச் சுற்றா, கால் சுற்றா என்பதை அவர் கூறலாம். அதற்கு முன் எத்தனை முழுச் சுற்றுகள் சென்றன என்று கூற இயலாது. ராடாருக்கும் இதே குறைபாடு. ஆகவே, அசையாதது என்று தெரிந்த ஓரிடத்தில் தொடங்கி, அடுத்தடுத்த புள்ளிகளுக்கிடையே அரைச் சுற்றுக்கு மேல் வேறுபாடு இராது என்று கொண்டு, படிப்படியாகக் கூட்டிக்கொண்டே செல்கிறார்கள். நடுவே ஓரிடத்தில் ஒரு சுற்றுத் தவறினால், அதற்கப்பால் உள்ள இடமெல்லாம் 2.8 சென்டிமீட்டர் தவறாகிவிடும். பேரேட்டில் ஒரு பக்கத்தின் கீழ்த்தொகையை அடுத்த பக்கத்துக்குப் பிழையாக எடுத்துச் சென்றால் என்ன நேருமோ, அதுவே இங்கும் நேர்கிறது.

இனி, சென்ட்ரல் பள்ளத்தாக்கின் வரலாற்றைக் காண்போம். கலிபோர்னியாவின் நடுவே பருத்தியும் பாதாமும் தக்காளியும் விளையும் பெருவெளி அது. அங்கு ஆழ்கிணறுகளால் நிலத்தடி நீரை இறைத்ததன் விளைவாக, மெண்டோட்டா என்ற ஊருக்கு அருகே 1925 முதல் 1977 வரை நிலம் சுமார் 9 மீட்டர் தாழ்ந்தது. ஜோசப் போலண்ட் என்ற நிலவியலாளர் அங்கே ஒரு கம்பத்தடியில் நிற்கும் புகைப்படம் உலகறிந்தது. 1925ஆம் ஆண்டின் தரைமட்டத்தைக் காட்டும் பலகை அவர் தலைக்கு மேல் வெகு உயரத்தில் இருக்கிறது. பின்னர்க் கால்வாய் நீர் வந்து இறைப்பு குறைந்ததும் தாழ்வும் தணிந்தது. பஞ்ச காலங்களில் இறைப்பு மிகவே, மீண்டும் தொடங்கியது. 2015 மே முதல் 2016 செப்டம்பர் வரை கார்க்கரன் என்ற ஊரருகே நிலம் 22 அங்குலம் வரை, அஃதாவது 56 சென்டிமீட்டர், தாழ்ந்ததைச் சென்டினல் படங்கள் காட்டின.

இத்தொகையைப் பட்டைகளில் கூறுவதாயின் ஒரு திருத்தம் தேவை. ராடார் நேர் கீழாகப் பார்ப்பதில்லை, பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கிறது. ஆதலால் நிலம் செங்குத்தாகச் சுமார் 3.6 சென்டிமீட்டர் தாழ்ந்தால்தான் ஒரு பட்டை உண்டாகும். 56 சென்டிமீட்டருக்குப் பதினைந்து பட்டைகளுக்கு மேல் ஆகின்றன. இத்தனை பட்டைகள் நெருங்கினால் எண்ணுவதில் பிழை நேரும். எனவே குறுகிய இடைவெளியில் எடுத்த பல படங்களைச் சங்கிலிபோல் இணைத்துக் கணக்கிடுகிறார்கள். பல படங்களைச் சேர்ப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. காற்றில் உள்ள ஈரம் அலையைத் தாமதப்படுத்தி, நிலம் பல சென்டிமீட்டர் அசைந்தது போன்ற பொய்த் தோற்றம் தரும். ஈரம் நாளுக்கு நாள் கூடியும் குறைந்தும் மாறுவது. நிலத்தின் தாழ்வோ மேன்மேலும் சேர்வது. எனவே நெடுந்தொடரில் முன்னது தேய்ந்து பின்னது நிற்கும்.

உழவர் கவனிக்க வேண்டிய குறை வேறு. இலைகள் வளர்வதாலும் ஏர் உழுவதாலும் வயலின் முகமே மாறிவிடுகிறது. இரு படங்களுக்கும் ஒற்றுமை இல்லாமற் போகிறது. ஆகவே 5.6 சென்டிமீட்டர் அலையைக் கொண்டு விளைநிலத்தை அளக்கும்போது, நம்பத்தக்க அளவுகள் பெரும்பாலும் சாலை, கட்டடம், கால்வாய்க் கரை, தரிசு ஆகியவற்றிலிருந்தே கிடைக்கின்றன. வயலின் நடுவில் காணும் எண், அண்டை இடங்களிலிருந்து ஊகித்ததாகவும் இருக்கக்கூடும். வண்ணப்படம் அழகாயிருக்கிறது என்பதற்காக அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது. எந்த இடத்தை அசையாததாகக் கொண்டார்கள், எத்தனை படங்களைச் சேர்த்தார்கள், ஒற்றுமை குறைந்த புள்ளிகளை நீக்கினார்களா என்று கேட்பது நியாயமே.

நிலம் ஏன் மீண்டும் எழுவதில்லை என்ற ஐயம் எழலாம். மணற்படுகையில் நீர் குறைந்து மறுபடி நிறைந்தால் அது பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். களிமண் படுகை அப்படியன்று. நீரழுத்தம் மிகவும் தாழ்ந்தவுடன், தாறுமாறாகக் கிடந்த களிமண்ணின் நுண்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இறுகிவிடுகின்றன. பின்னர் எத்தனை மழை பெய்தாலும் அந்த இடைவெளிகள் மீண்டும் திறப்பதில்லை. நீர் சேமிக்கும் இடமே அந்த அளவுக்கு நிரந்தரமாகப் போய்விடுகிறது.

இந்நஷ்டம் இறைத்தவரோடு நிற்பதுமில்லை. அப்பள்ளத்தாக்கின் கிழக்கோரமாக 152 மைல் ஓடும் பிரையண்ட்-கெர்ன் கால்வாயில் நீர், பம்புகளின் உதவியின்றி நிலச் சரிவினாலேயே ஓடுகிறது. நடுப்பகுதி தாழ்ந்தமையால் அவ்விடத்தில் அதன் கொள்திறனில் பாதிக்கு மேல் குறைந்தது. பத்து மைல் தூரத்துக்குப் புதிய கால்வாயே வெட்ட நேர்ந்தது. கடைமடையில் உள்ளவர் கிணறு தோண்டாதவராயினும் நீரை இழந்தார். 2014இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம், நிலத் தாழ்வைத் தடுக்க வேண்டிய தீங்குகளில் ஒன்றாக வகுத்தது; மாநில நீர்வளத் துறை இப்பொழுது ராடார் அளவுகளை எவரும் பார்க்கும்படி வெளியிட்டு வருகிறது. எனினும் படம் காட்டுவது ஒரு வட்டாரத்தின் தாழ்வையே. எவருடைய கிணற்றினால் எத்தனை அங்குலம் என்பதை அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குக் கிணறுதோறும் நீரளவுக் கணக்கு வேண்டும். அக்கணக்கு வைப்பதில்தான் அங்கே விவசாயிகளுக்குள் பெரும் வழக்கு.

அலைநீளம் மிகுந்தால் இலைகளை ஊடுருவித் தரை வரை செல்லலாம். அமெரிக்க நாசாவும் நம் நாட்டு இஸ்ரோவும் கூட்டாக அமைத்த நிசார் துணைக்கோள், 2025 ஜூலை 30ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதில் நாசா அளித்த ராடாரின் அலைநீளம் சுமார் 24 சென்டிமீட்டர். இஸ்ரோ அளித்ததற்குச் சுமார் 9 சென்டிமீட்டர். அதுவும் 12 நாட்களில் தன் பாதைக்குத் திரும்புகிறது.