பரியாசம் என்கிற வார்த்தை



இந்த முறை ஒரே ஒரு வார்த்தையை ஆராய்ந்து பார்ப்போம். ஒருத்தரைப் பார்த்துச் சிரிப்பதற்கு நம்ம திண்டுக்கல்லில் எத்தனை பெயர்! கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி. வேதாகமத்தில் நாம் அதிகம் வாசிப்பது "பரியாசம்".

1. சொற்களின் பிறப்பு

கேலி வடமொழிச் சொல். அங்கே அதற்கு விளையாட்டு என்று அர்த்தம். கிண்டல், "கிண்டு" என்பதிலிருந்து வந்தது. அல்வா கிண்டுகிறோம், கோழி குப்பையைக் கிண்டுகிறது. அப்படியே அடுத்தவர் மனசையும் கிண்டிவிடுகிறோம். கரகாட்டத்துக்கு வாசிப்பதை நம்ம பக்கம் நையாண்டி மேளம் என்பார்கள். அந்த ஆட்டத்தில் ஒருத்தரை ஒருத்தர் கேலி பேசினாலும் இரண்டு பேருக்கும் அது விளையாட்டு.

பரியாசமோ வடமொழி "பரிஹாஸம்". ஹாஸம் என்றால் சிரிப்பு. "பரி" என்பதற்குச் சுற்றிலும் என்று ஒரு அர்த்தம் உண்டு. கவனியுங்கள்! நாலு பேர் சுற்றி நின்று சிரிக்க, நடுவில் ஒருவர் மட்டும் சிரிக்காமல் நிற்கிறார். அதுதான் பரியாசம் என்று நான் எண்ணுகிறேன்.

2. வேதத்தில்

ஆதியாகமம் 21:6ல் சாராளின் சந்தோஷச் சிரிப்பும், 21:9ல் இஸ்மவேலின் பரியாசமும் எபிரெயத்தில் ஒரே வேர்ச்சொல். ஈசாக்கு என்ற பெயரும் அதிலிருந்தே வந்தது. சிரிப்பு ஒன்றுதான், அது யார்மேல் விழுகிறது என்பதே வித்தியாசம். லூக்கா 16:14ல் பரிசேயர் செய்த பரியாசத்துக்கான கிரேக்கச் சொல், மூக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நாம் மூக்கைச் சுளிக்கிறோமே, அதேதான்!

பெந்தெகொஸ்தே நாளிலும் சிலர் பரியாசம்பண்ணினார்கள் (அப். 2:13). பேதுரு பதிலுக்குக் கிண்டல் பேசவில்லை. எழுந்து நின்று விளக்கம் சொன்னார்.

3. நமக்கு

ஒரு கூட்டத்தில், எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு சகோதரி வசனம் வாசிக்க எழும்பினார்கள். பின்னால் சிலர் களுக்கென்று சிரித்தார்கள். அதற்குப்பின் அந்தச் சகோதரி வாசிக்க எழும்பவே இல்லை.

"நான் ஒண்ணும் சொல்லலையே, பிரதர்" என்கலாம். ஆனால் சங்கீதம் 1:1 பரியாசக்காரர் நடுவில் உட்காருவதையே அல்லவா எச்சரிக்கிறது! சுற்றி நிற்க ஆள் இல்லாவிட்டால் பரியாசம் ஏது? ஒருவர் விலகினால் வட்டம் உடையும். விலகினவர் சும்மா போய்விடாமல், நடுவில் நிற்கிறவர் பக்கத்தில் போய் நிற்கட்டும். "நல்லா வாசிச்சீங்க சிஸ்டர், அடுத்த வாரமும் வாசிங்க" என்று சொல்லட்டும்.

கர்த்தர் நம் வாயின் சிரிப்பைப் பரிசுத்தப்படுத்துவாராக. ஆமென்.